வாவிக்காற்றில் நிற்கும் பழைய ஹொண்டா: ஹாண்டிலைத் திருத்துவது எப்படி?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் திருத்தி எடுக்க நினைப்பவர்கள் இயந்திரத்துக்குச் செலவழிப்பார்கள். பெற்றோல் தாங்கிக்குப் பெயின்ற் அடிப்பார்கள், சீற் தைப்பார்கள். ஹாண்டிலின் முறை கடைசி நாளில்தான் வரும். புதிய கிறிப் இரண்டை வாங்கி, பசை தடவிச் செருகி, கண்ணாடி இரண்டைப் பூட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் முதலில் உள்ளே உக்கிப் போவது அந்த ஹாண்டில்தான். வெளியே குறோம் பளபளக்கும். கிறிப்பைக் கழற்றினால் கறள் கட்டியாக உதிரும். பழைய ஹொண்டாக்களைத் திருத்தும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஓடும்போது இரண்டு கைகளும் உடற்பாரத்தில் ஒரு பங்கும் தங்கியிருப்பது இந்த 22 மில்லிமீற்றர் குழாயில். அதனால் இந்தக் கட்டுரையில் ஹாண்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஏன் இத்தனை பழைய மோட்டார் சைக்கிள்கள் கொட்டிலுக்குள் நிற்கின்றன என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். சில 1990இல் வீட்டை விட்டு ஓடும்போது கைவிடப்பட்டு, திரும்பி வந்தபோது வேலியோரம் கிடந்தவை. சில 2004 டிசம்பர் 26இல் கடல்நீரில் மூழ்கி எழுந்தவை. சில மண்முனைத் துறையிலும் அம்பிளாந்துறையிலும் குருமண்வெளியிலும் பாதையில் ஏறி இறங்கி வருடக்கணக்காக உப்புத்தண்ணீர் குடித்தவை. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதற்கு முன் மண்முனையால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிற மோட்டார் சைக்கிளுக்குப் பாதைதான் வழி. (கல்லடிப் புதிய பாலமும் மண்முனைப் பாலமும் ஜப்பானின் உதவியில் கட்டப்பட்டவை. அவற்றில் ஓடுகிற பழைய ஹொண்டாக்களும் அங்கிருந்து வந்தவையே.)

இன்னும் சில மோட்டார் சைக்கிள்கள் நிற்பதற்கு வேறு காரணம் உண்டு. அவற்றின் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயருக்குரியவர் திரும்பி வரவில்லை. இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்கக் குடும்பம் சம்மதிக்காது. பெயர் மாற்றாமல் விற்கவும் முடியாது. 2016இல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம் என்றாலும், அதை எடுக்கவே மனம் வராத குடும்பங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரையிலான காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. வியாபாரிகள் வீடு வீடாக வந்து கேட்டார்கள். கொடுக்காமல் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அவற்றைத் திருத்தி ஓட விரும்பி வருகிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இயந்திரத்தில் காசைப் போடுவதற்கு முன் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் எடுக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள் என்பதே. அடுத்தது, ஹாண்டிலுக்குக் கீழே, சட்டகத்தின் கழுத்தில் பல பழைய ஹொண்டாக்களுக்குச் சட்டக இலக்கம் குத்தப்பட்டிருக்கும். கறள் சுரண்டுகிறோம் என்று அந்த இடத்தில் அரமோ கிறைண்டரோ வைக்கக்கூடாது. ஆவணங்கள் இடப்பெயர்வில் தொலைந்துபோன குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த இலக்கமாக இருக்கலாம்.

இனி ஹாண்டிலுக்கு வருவோம்.

குறோம் என்று நாம் சொல்வது இரும்புக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் குறோமியம் என்று அடுக்காகப் பூசப்பட்ட படை. மேலே தெரியும் குறோமியம் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவான தடிப்பு. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன். அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். உண்மையில் இரும்பைக் காப்பது கீழேயுள்ள நிக்கல். கடற்காற்றிலும் வாவிக்காற்றிலும் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த வெடிப்புகளில் இறங்கி, நிக்கலில் ஓர் ஊசித்துளை கிடைத்தால் இரும்பைத் தின்னத் தொடங்கும். கண்ணில் படும் இடத்தைத் துணியால் துடைத்துவிடுகிறோம். கிறிப் றப்பருக்குள்ளும், பிரேக் லீவரைப் பிடிக்கும் பட்டிக்கு அடியிலும், சுவிட்ச் பெட்டிக்குள்ளும் தேங்கும் ஈரத்தை யார் துடைப்பது? குழாயின் உட்புறம் அதைவிட மோசம். அங்கே குறோமே ஏறியிருக்காது. முனை திறந்திருந்தால் வாடைக்காற்று முழுவதும் உள்ளே போய்வரும்.

ஆகவே முதல் வேலை கழற்றிப் பார்ப்பது. கிறிப்பைப் பிளேட்டால் கீறி உரித்தெடுப்பதே வழக்கம், ஏனென்றால் அது எப்படியும் குப்பைக்குப் போகிற சாமான். ஆனால் கீறுவதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா கணவரின் எம்.டி. 90ஐ மகனோடு கொண்டுவந்திருந்தார். புதிய கிறிப் போட வேண்டும் என்று நான் சொன்னதும், "புதுசப் போடுங்க மகன். ஆனா பழசை வெட்டிப்போடாதீங்க, அவர்ர கை தேஞ்ச இடம் அதில கிடக்கு" என்றார். வலப்பக்கக் கிறிப்பில் பெருவிரல் படுகிற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. முழுதாகக் கழற்றுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி றப்பரை இளக விட்டு, முனை மழுக்கிய சைக்கிள் கம்பியைக் குழாய்க்கும் றப்பருக்கும் நடுவில் மெல்லச் செருகி, சோப்புத் தண்ணீர் விட்டுச் சுற்றிவர ஓட்டினால் பிடி விடும். டயர்க் கடையில் காற்றடிக்கிற குழாயின் முனையை அந்த இடைவெளியில் வைத்து அடித்தால் றப்பர் சற்று விரிந்து தானாக வழுக்கிக்கொண்டு வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், கறள் தூள் முகத்துக்குப் பறக்கும்.

வெறுங்குழாய் கையில் கிடைத்ததும் முனை வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் நல்ல இடத்தில் மணிச்சத்தம் வரும், உக்கிய இடத்தில் மந்தமாகக் கேட்கும். சில பழைய ஹொண்டாக்களில் சுவிட்ச் வயர்கள் குழாயின் உள்ளாகவே ஓடும். அந்த வயர் இறங்கும் துளைகளைச் சுற்றித்தான் வெடிப்பு தொடங்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் அந்த ஹாண்டிலோடு பேச்சு முடிந்தது. வெல்டிங் பிடித்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பிடித்துக் கொடுப்பதில்லை. வளைந்த ஹாண்டிலைச் சூடாக்கி நிமிர்த்துவதும் அப்படியே. மேலோட்டமான கறள் என்றால், மெல்லிய எமரித் தாளும் மண்ணெண்ணெயும் போதும். மீண்டும் குறோம் போடுவது எல்லா நேரமும் நல்லதல்ல. ஆழமாகக் குழி விழுந்த குழாயைப் பூச்சுக்காகத் தேய்த்துச் சமப்படுத்தும்போது தகடு இன்னும் மெலியும். அப்படிப்பட்டதற்குக் கறுப்புப் பெயின்ற் அடித்தால் போதும். பார்ப்பவர் குறை சொன்னால் சொல்லட்டும்.

புதிய ஹாண்டில் வாங்குவதென்றால் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். சுவிட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சிறு முளை இருக்கும். அது ஹாண்டிலில் உள்ள துளையில் போய் உட்கார்ந்தால்தான் பெட்டி சுழலாமல் நிற்கும். கடையில் விற்கிற பொதுவான ஹாண்டிலில் அந்தத் துளை இருக்காது. அதற்காக முளையை அரத்தால் தேய்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். தேய்த்த பெட்டியை எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் சுழன்று, உள்ளே வயரை அறுக்கும் அல்லது அக்சலேட்டர் கேபிளை இழுக்கும். எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பூட்டி, ஓடுபவரை ஏற்றி இருத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு ஹாண்டிலில் துளை போடுங்கள். துளையின் விளிம்பை மழுக்கிப் பெயின்ற் தொட்டுவிடுங்கள்.

இந்தத் தற்காலிகப் பூட்டல் மிக முக்கியம். பசையைத் திறப்பதற்கு முன் எல்லாம் ஹாண்டிலில் ஏறி இருக்க வேண்டும். ஹாண்டிலில் குத்தப்பட்ட சிறு புள்ளி இருந்தால் அதைக் கீழ்த்தாங்கியின் விளிம்போடு நேராக்கி, மேல்மூடிகளை வைத்து, முன்பக்கப் போல்ற்றுகளை முதலில் இறுக்கிப் பிறகு பின்பக்கத்தை இறுக்குங்கள். இடைவெளி பின்பக்கம் மட்டும் மிஞ்சுவதுதான் ஹொண்டாவில் சரி. அதை அடைக்க வேண்டும் என்று முறுக்கினால் போல்ற் அறும். பிறகு லீவர்கள், சுவிட்ச், கண்ணாடி, கேபிள்கள். ஹாண்டிலை இடமும் வலமும் முட்டத் திருப்பிப் பாருங்கள். ஒரு கேபிளும் இழுபடக் கூடாது, பெற்றோல் தாங்கியில் ஒன்றும் முட்டக் கூடாது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாண்டிலை மட்டும் திருப்ப சத்தம் கூடினால், அக்சலேட்டர் கேபிள் தவறான வழியில் போகிறது என்று அர்த்தம். வளைவில் தானாக வேகம் எடுக்கும்.

கிறிப் இரண்டும் ஒரே அளவு என்று நினைத்து இரண்டு இடக்கைக் கிறிப்பை வாங்கி வருகிறவர்கள் உண்டு. இடப்பக்கக் கிறிப் நேராக 22 மில்லிமீற்றர்க் குழாயில் ஏறும். வலப்பக்கக் கிறிப் குழாயில் ஏறாது. குழாய்க்கு மேல் சுழலும் அக்சலேட்டர் உறையில்தான் ஏறும், ஆகையால் அதன் உள்வாய் சற்றுப் பெரிது. பசையும் உறைக்கும் றப்பருக்கும் நடுவில்தான் போக வேண்டும். ஒரு துளி உள்ளே வழிந்து குழாயில் பட்டால் அக்சலேட்டர் திரும்பி வராது. பூட்டியதும் முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அப்படியே நடக்க வேண்டும். திருகத் தொடங்கும்போது றப்பரின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருப்பது அளவு.

கிறிப்பை ஏற்றத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விட்டுவிடுங்கள். எண்ணெய் காயாது. மழையில் கை ஈரமாக இருக்கும்போது கிறிப் குழாயோடு சுழலும், விழுவது நிச்சயம். பெற்றோல் தடவினால் றப்பர் ஊதிப் பழுதாகும். குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கிறிப் பசையை மெல்லியதாகப் பூசி ஒரே தள்ளில் ஏற்றுங்கள். ஒருநாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். வாடைக்காலத்தில் இரண்டு நாள். கச்சான் வீசும் காலத்தில் பசை கையிலேயே காய்ந்துவிடும், காலையிலேயே செய்யுங்கள்.

முனை மூடியைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சைக்கிளில் விழும் சிறுவர்களுக்கு ஹாண்டில் முனை வயிற்றில் குத்தி ஈரலும் மண்ணீரலும் கணையமும் காயப்படுவது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயம். திறந்த குழாய் முனை வட்டக் கத்தி போன்றது. றப்பர் கிறிப்பின் முனை கிழிந்து குழாய் வெளியே தெரிந்தால் அன்றைக்கே மூட வேண்டும். மூடுவதற்கு முன் உட்புறத்தை நன்னீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் நனைத்த துணியை இழுத்துவிடுங்கள். உப்பை உள்ளே வைத்து மூடினால் நன்மையில்லை. அதிர்வைக் குறைக்கப் பாரமான முனைக்கட்டி பூட்டுவதென்றால், வலப்பக்கத்தில் அக்சலேட்டர் உறைக்கும் கட்டிக்கும் இடையே ஒன்று இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். உரசினால் அக்சலேட்டர் பிடித்துக்கொள்ளும்.

ஸ்குரூக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவிட்ச் பெட்டிகள் உடைவது அங்கேதான். பழைய ஹொண்டாவின் நட்சத்திர வாய் ஸ்குரூக்கள் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். நாம் கடையில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் ஆழமாக இறங்காது, முறுக்கும்போது மேலே எகிறி வாயைத் தின்றுவிடும். ஜப்பானிய வாய் டிரைவர் கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் டிரைவரின் கூர்முனையைச் சற்றுத் தேய்த்துவிட்டால் ஓரளவு உட்காரும். இரும்பு ஸ்குரூவும் அலுமினியப் பெட்டியும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். வெள்ளை மாவு போல் பொங்கியிருப்பது அதுவே. கறள் இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்து, சூடு காட்டி, தட்டித் திருப்புங்கள். துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூவைப் போட்டால் பிரச்சினை தீரும் என்பது பாதி உண்மை. ஸ்குரூ நன்றாக இருக்கும், அலுமினியம் முன்போலவே அரிக்கும். எந்த ஸ்குரூவானாலும் மரையில் சிறிது கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள். லீவர்ப் பட்டிக்கும் குழாய்க்கும் நடுவிலும் மிக மெல்லிதாக ஒரு பூச்சு.

லீவரை எங்கே நிறுத்துவது என்பதற்குப் பழைய அடையாளத்தைப் பார்க்காதீர்கள். குழாயில் பட்டியின் தழும்பு இருக்கும், அது முன்பு ஓடியவரின் கைக்கு வைத்தது. இப்போது ஓடப்போவது யார்? தகப்பனின் மோட்டார் சைக்கிளில் மகள் வேலைக்குப் போகப் போகிறாள் என்றால், அவளை ஏற்றி இருத்துங்கள். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி லீவர் சாய்ந்திருக்க வேண்டும். விரலின் முதல் மடிப்பு லீவரில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் தடித்த கிறிப்பை மாற்றி மெல்லிய கிறிப் போடுங்கள். முன் டிரம் பிரேக் உள்ள சிறிய ஹொண்டாக்களில் லீவர் முனையில் 2, 3 சென்ரிமீற்றர் அசைவுக்குள் பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். லீவரின் நுனியில் உள்ள உருண்டையை வெட்டி அழகுபடுத்தாதீர்கள். விழும்போது கையையும் காலையும் குத்தாமல் இருக்கத்தான் அது.

கை காயப்பட்டவர்களுக்கும் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் பகுதியில் அவர்கள் குறைவில்லை. 1958இல் ஹொண்டா சூப்பர் கப்பை வெளியிட்டபோது கிளட்ச் லீவர் இல்லாமல் செய்ததற்குக் காரணம், ஜப்பானில் நூடில்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு கடைப் பையன்கள் ஓட வேண்டியிருந்ததுதான். கியர் காலில், கிளட்ச் தானாக இயங்கும். சி 50, சி 70, சி 90 எல்லாம் அந்த வம்சம். ஜப்பானியத் தபால்காரர்களுக்குச் செய்யப்பட்ட சிவப்பு எம்.டி. 90உம் அப்படியே. இடக்கை விரல்களை இழந்தவர்களுக்கு இதைவிட வசதியான பழைய மோட்டார் சைக்கிள் கிடையாது. இடப்பக்கக் கிறிப்பைத் தடிப்பாக்கி, மிஞ்சிய கையால் ஊன்றிப் பிடிக்கும்படி செய்தால் போதும்.

வலக்கை பாதிக்கப்பட்டவர்களின் கதை வேறு. அக்சலேட்டரைக் கழற்றி அப்படியே இடப்பக்கம் பூட்டித் தரும்படி கேட்கிறார்கள். வலக்கைக்குச் செய்த உறையை இடப்பக்கம் எப்படிப் பிடித்துப் பூட்டினாலும், அது திறக்கும் திசை தலைகீழாகிவிடும். நம்மை நோக்கித் திருகினால் வேகம் கூட வேண்டியது, முன்னோக்கித் திருகினால் கூடும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சரிந்து கை தானாக முன்னோக்கித் திருகும், நிற்க வேண்டிய நேரத்தில் வேகம் எடுக்கும். இடக்கைக்கென்றே எதிர்த்திசையில் செய்த உறையும் நீளமான கேபிளும் வேண்டும். முன் பிரேக் லீவரையும் அதே பக்கம் கொண்டுவர வேண்டும். இதை ஹாண்டில் வேலையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழ் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுப்பது. தனது காயத்தையும் மோட்டார் சைக்கிளில் செய்யும் மாற்றத்தையும் அங்கே முதலில் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது ஓடுகிறவருக்குப் பாதுகாப்பு. விபத்தொன்று நடந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாம் முடிந்த பின், ஊருக்குள் மெதுவாக ஒரு வாரம் ஓடிவிட்டு மீண்டும் எல்லாப் போல்ற்றுகளையும் ஒருமுறை சாவி வைத்துப் பாருங்கள். புதிய றப்பரும் பெயின்ற்றும் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். கடற்கரை வீதியால் போய் வந்தாலோ பாதையில் ஏறி இறங்கினாலோ அன்றிரவே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சுவிட்ச் பெட்டிக்குள் நேராகப் பீய்ச்ச வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். கேபிள் லீவருக்குள் நுழைகிற இடத்தில் மாதம் ஒரு துளி எண்ணெய். அங்கே ஒரு இழை அறுந்து கையில் குத்தினால், மற்ற இழைகளும் அறுகிற வரை காத்திருக்காமல் கேபிளை மாற்றிவிடுங்கள்.